நெற்றியோரத்து முடி

பெயர் நதீர் பூகெர்ரு. வயது இருபத்தைந்து. இருப்பது இஸ்தான்புல்லில், அக்சராய் டிராம் நிறுத்தத்துக்குப் பின்னால், தெருவிலிருந்து ஆறு படி கீழே இறங்கிப் போகிற ஒரு வீட்டில். குடும்பத்து வாட்ஸப் குழுவில் செய்தி போடும்போதெல்லாம், யாரும் கேட்காமலே இந்த மூன்றையும் முதலில் ஒப்பித்துவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குவான். குழுவில் நாற்பத்தொரு பேர். அல்ஜீரியாவில் மீலாவில் பாதிப் பேர், மீதிப் பேர் பிரான்சிலும் கனடாவிலும். ஒரு கையில் ஏர்போர்ட்டிலிருந்து அழைத்து வருகிற கஸ்டமரின் பெட்டி, மறு கையில் குடை என்று நடந்தபடியே சட்டைப் பையில் இருக்கிற போனிடம் பேசுவான். போன் அதை எழுத்தாக்கி அனுப்பிவிடும். "நான் நல்லா இருக்கேன், யாரும் கவலைப்படாதீங்க" என்று அவன் முடித்தால்தான் மீலாவில் அவன் அம்மாவுக்குக் கவலையே பிடிக்கும்.

வேலை, முடி நடுகிற ஆஸ்பத்திரி ஒன்றில் மொழிபெயர்ப்பு. அரபு பேசுகிறவர்களையும் பிரெஞ்சு பேசுகிறவர்களையும் ஏர்போர்ட்டில் அட்டை பிடித்து அழைத்து வந்து, டாக்டர் சொல்வதை அவர்களுக்கும் அவர்கள் புலம்புவதை டாக்டருக்கும் சொல்லி, ஊசிக்குப் பயப்படுகிறவனின் கையைப் பிடித்துக்கொண்டு, நான்காம் நாள் திரும்ப ஏர்போர்ட்டில் விட வேண்டும். இரண்டு வருஷத்தில் எத்தனை தலை பார்த்திருப்பான் என்பது அவனுக்கே தெரியாது. அங்கே வேலை செய்கிறவர்களின் வீட்டாரில் ஒருவருக்குச் சும்மா செய்து தருவார்கள். அந்த ஒரு இடத்துக்காகத்தான் அவன் ஒரு நாள் லீவு போடாமல் உழைத்தான். தங்கை வஸீலாவுக்கு ஆகஸ்ட் கடைசியில் கல்யாணம். அவளுடைய நெற்றியோரத்து முடி இரண்டு வருஷமாகப் பின்வாங்கிக்கொண்டே போனது.

மார்ச் இரண்டாவது வாரத்தில் அம்மா ஸுலீகாவும் வஸீலாவும் வந்து இறங்கினார்கள். அன்றைக்கு லோதோஸ் அடித்தது. தெற்கே கடலிலிருந்து வருகிற அந்த வெதுவெதுப்பான காற்று கிளம்பினால் ஊரில் பாதிப் பேருக்குத் தலைவலி, படகுகள் நிற்கும், மேசை விரிப்புகள் பறக்கும். டிராமை விட்டு இறங்கி நடந்த பத்து நிமிஷத்துக்குள் எதிரே ஏழு ஆம்பிளைகள் வந்தார்கள். ஏழு பேர் தலையிலும் கறுப்புப் பட்டை, மண்டை முழுக்கச் சிவப்புப் புள்ளி, பின்கழுத்தில் வெள்ளைக் கட்டு.

ஸுலீகா நின்றேவிட்டாள். "யா ரப்பி! இவனுங்கல்லாம் எந்தச் சண்டையில அடிபட்டவனுங்கடா?"

"சண்டை இல்ல யம்மா. நம்ம கஸ்டமருங்க."

"காசு குடுத்தா அடி வாங்கினானுங்க?"

"யம்மா, மெதுவாப் பேசு. அதுல ரெண்டு பேர் நம்ம பக்கத்து ஆளுங்க."

"அப்ப நல்லாக் கேக்கட்டும்," என்றாள் ஸுலீகா.

வீட்டில் இன்னொருவனும் உண்டு. யூனிஸ், ஈராக்கில் மோசூல்காரன், அதே ஆஸ்பத்திரியில் தலை கழுவுகிறவன். முடி நட்ட மூன்றாம் நாள் முதல் கழுவலுக்கு எல்லோரும் அவன் கையில்தான் வந்து விழ வேண்டும். வந்தவர்களுக்குத் தன் அறையைக் கொடுத்துவிட்டுச் சமையலறைச் சோபாவுக்குப் போய்விட்டான். ஸுலீகா பெட்டியைத் திறந்ததும் வீடே மீலா ஆகிவிட்டது. துண்டில் சுற்றிய ரவை ரொட்டி, கம்பளிச் சட்டைக்குள் பொதிந்த ஆலிவ் எண்ணெய்ப் பாட்டில்கள், அத்திப்பழ மாலை, ஒரு டப்பா நிறைய மிளகாய் அரைப்பு.

"சாச்சி, கஸ்டம்ஸ்ல எப்பிடி விட்டான்?" என்று யூனிஸ் வாயைப் பிளந்தான்.

"அவனுக்கும் ஒரு ரொட்டி குடுத்தேன்."

சாப்பிட்ட கையோடு காபி போட்டாள். அந்த வீட்டில் ஆண்கள் இரண்டு பேரும் தேநீர்க்காரர்கள். அவள் அதை ஏற்கவில்லை. ஆளுக்கு இரண்டு கப். வஸீலாவுக்கு மூன்று.

"என்னென்ன தேச்சீங்க தலையில, வஸீலா?" என்று யூனிஸ் தொழில்முறையில் கேட்டான்.

"என்ன தேய்க்கலன்னு கேளுங்க," என்றாள் வஸீலா. அவள் ஆரம்பப் பள்ளியில் பிரெஞ்சு டீச்சர். நாக்குக் கொஞ்சம் நீளம். "பூண்டு தேச்சேன், ஒரு வாரம் கிளாஸ்ல ஒரு பிள்ளை பக்கத்துல வரல. வெங்காயச் சாறு. கருஞ்சீரக எண்ணெய். வெந்தயத்த அரைச்சு அப்பி, காஞ்சு போயி, பேர்க்கறப்ப இருந்த முடியும் அதோட வந்துருச்சு."

"கண்ணு பட்டுருச்சு," என்றாள் ஸுலீகா. "நிச்சயத்தன்னிக்கு எங்க சின்ன நாத்தனா இவ தலையையே பாத்துக்கிட்டிருந்தா. இடுப்பு வரைக்கும் முடி, கண்ணு படாம இருக்க மாஷா அல்லாஹ்ன்னு ஒரு வார்த்தை சொன்னாளா?"

"முடி கொட்டினது நிச்சயத்துக்கு ஒரு வருஷம் முன்னாடியே யம்மா."

"அவ அப்பவே பாத்திருப்பா."

"மாப்பிள்ளை என்ன சொல்றார்?" என்றான் நதீர்.

"ஃபவ்ஸி என்ன சொல்வாரு? அவருக்கு முன்னால பாதி மண்டை பளபளன்னு கெடக்கு. என்னைப் பேச அவருக்கு வாய் ஏது?" வஸீலா சிரித்தாள். சிரிப்பு சட்டென்று வடிந்தது. "அவரு இல்லண்ணே. மண்டபத்துல அன்னிக்கு ஏழு டிரெஸ் மாத்தி ஏழு தரம் கொண்டு வந்து உக்கார வெப்பாங்க. எரநூறு பொம்பளைங்க. முடியத் தூக்கிக் கட்டி, நெத்தியில தங்கச்சரம் வெப்பாங்க. அந்தச் சரம் எங்க உக்காரும்? கரெக்டா இங்க." யூனிஸ் காலிக் கப்புகளோடு அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளிக் காட்டினாள்.

இரண்டு பக்கக் காதுக்கு மேலேயும் மூன்று விரல் அகலத்துக்கு முடி மெலிந்து, தோல் தெரிந்தது. நெற்றி விளிம்பில் மட்டும் மெல்லிய குட்டி முடிகள் ஒரு கோடாக நின்றன. நதீர் எத்தனையோ தலையைப் பார்த்தவன். தங்கையின் தலையை ஒரு நிமிஷத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை.

"வியாழக்கிழமை டாக்டர். வெள்ளிக்கிழமை நடவு. நான் எல்லாம் பேசி வெச்சிருக்கேன். கவலைப்படாத," என்றான்.

*

டாக்டர் நெவின் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவாள். தோல் டாக்டர், நாற்பதுக்கு உள்ளே, கையில் எப்போதும் ஒரு சின்ன லென்ஸ்; அதைத் தலையில் வைத்தால் சுவரில் இருக்கிற திரையில் மண்டைத்தோல் ஐம்பது மடங்காக விரியும். வஸீலாவின் தலையில் வைத்தாள். திரையில் ஒரு வெளிறிய நிலம், அதில் தடி தடியாகச் சில முடிகள், முடிகளைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் பொரிகள், பாதியில் ஒடிந்த முனைகள்.

டாக்டர் துருக்கி மொழியில் கேட்க, நதீர் அரபில் சொன்னான். தலை பூராவும் கொட்டுதா, ஓரத்தில் மட்டுமா? மாதவிலக்கு ஒழுங்கா வருதா? இந்த இடத்தில் நதீர் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான். வஸீலா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"தலை வலிக்குமா?"

"காலையில அவுத்தா சரியாப் போயிடும்," என்றாள் வஸீலா.

டாக்டர் லென்ஸை எடுத்தாள். "எதை அவுத்தா?"

ஸுலீகாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு நேரம் கேட்காமல் இருந்த ஒரே நல்ல கேள்வியை இப்போதுதான் கேட்கிறார்கள். "கர்தூன்!" என்றாள். "டாக்டரம்மாவுக்குச் சொல்லுடா. ஏழு வயசுலேர்ந்து ஒரு நாள் விட்டதில்ல. சாயங்காலம் தலைய நனைச்சு, நல்லாப் பின்னால இழுத்து, அடியில ஒரு முடிச்சுப் போட்டு, நாடாவை நுனி வரைக்கும் சுத்திக்கிட்டே போகணும். காலையில அவுத்தா பட்டு மாதிரி நேரா விழும். கடைக்குப் போயி இஸ்திரி போடறாளுங்களே, அந்த மாதிரி கருகாது."

சொன்னது போதாதென்று டாக்டர் மேசையில் கிடந்த அளவு நாடாவை எடுத்து நதீரின் முன்கையில் சுற்றிக் காட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அவன் விரல்கள் முதலில் சிவந்து, பிறகு வெளுத்தன.

"இவ்வளவு இறுக்கமாவா?" என்றாள் டாக்டர் நெவின்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கணும். நாடா பத்தல."

டாக்டரே நாடாவை அவிழ்த்தாள். பிறகு நாற்காலியை நதீர் பக்கம் திருப்பிப் பேசத் தொடங்கினாள்.

"முடி கொட்ட நூறு காரணம் இருக்கு, உனக்கே தெரியும். தைராய்டு இருக்கலாம், ரத்தத்துல இரும்பு குறையலாம், பெரிய காய்ச்சல் வந்து மூணு மாசம் கழிச்சுக் கொட்டலாம். அதுல எல்லாம் தலை பூரா மெலியும். திடீர்னு வட்டமா உதிர்ற நோய் வேற. உங்க ஆம்பிளைங்களுக்கு வர்ற வழுக்கை வேற. இது எங்க போயிருக்கு பாரு, இழுக்கற இடத்துல மட்டும். பதினஞ்சு வருஷம் தெனம் ராத்திரி பூரா வேரைப் பிடிச்சு இழுத்திருக்காங்க. வேர் இன்னும் சாகல, அது நல்ல சேதி. ஆனா இப்ப நட்டா, நட்டதையும் இழுத்துப் பிடுங்கிடுவாங்க. நடவு வேண்டாம். கட்டறத நிறுத்தணும், இன்னிக்கே. ரத்தம் எடுக்கணும். மத்ததுக்கு மருந்து தரேன். அம்மாகிட்ட விளக்கமாச் சொல்லு."

ஸுலீகா மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னடா சொல்றாங்க?"

எத்தனையோ பேருக்கு எத்தனையோ கெட்ட சேதியைச் சொன்ன நாக்கு அது. பின்மண்டையில் எடுக்க முடி போதாது என்று அழுதவனிடம் சொல்லியிருக்கிறது. இன்றைக்கு அது அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அம்மாவின் கையில் இன்னும் அந்த நாடாவை இழுத்த பெருமை இருந்தது.

"ரத்தம் டெஸ்ட் பண்ணணுமாம் யம்மா. இரும்புச்சத்துக் குறைவா இருக்கலாமாம். கல்யாணக் கவலை வேற. நடவை... கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமாம்."

"அவ்வளவுதானா? கை கையா ஆட்டி அவ்வளவு நேரம் பேசினாங்களே?"

"துருக்கி பாஷை அப்படித்தான் யம்மா. நீளம்."

டாக்டர் நெவின் புருவத்தைத் தூக்கினாள்.

வராந்தாவில் மேலாளர் ஷெவ்கெத் பே பிடித்துக்கொண்டார். "நாளைக்குப் போட்ட ஆளை எதுக்கு லிஸ்ட்லேர்ந்து எடுத்தா அந்தம்மா? அல்ஜீரியாக்காரப் பொண்ணு, முன்ன-பின்ன போட்டோ எடுத்துப் போடலாம்னு நெனச்சேன். நீ கொஞ்சம் பேசிப் பாரு நதீர்."

கதவைத் திறந்துகொண்டு டாக்டர் நெவின் தலையை நீட்டினாள். "அந்தப் பொண்ணு தலையில நாளைக்கு யாராவது கை வெச்சா, நான் அடுத்த வாரம் வர மாட்டேன். இடத்தை அந்தக் குடும்பத்துக்கே வெச்சிருங்க." கதவு மூடிக்கொண்டது. ஷெவ்கெத் பே தன் தலையைத் தடவிக்கொண்டார். அவருடையதும் அங்கே நட்டதுதான்.

*

மாலைத் தொழுகை முடிந்ததும் ஸுலீகா கட்டிலில் உட்கார்ந்து, வஸீலாவைக் காலிடுக்கில் தரையில் உட்கார்த்திக்கொண்டாள். பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர். மடியில் சிவப்பு நாடா, கைப்பிடியளவு உருண்டை. வெளியே காற்று ஓய்ந்து மழை பிடித்திருந்தது. படி வழியாகத் தண்ணீர் இறங்காமல் இருக்க யூனிஸ், அறைக்கு முதுகைக் காட்டியபடி, பழைய துண்டுகளை வெளி வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"இருக்கறதாவது நீளமா இருக்கட்டும்," என்று ஸுலீகா முடியை ஒன்றாகச் சேர்த்து இழுத்தாள். "ஆ!" என்றாள் வஸீலா. "சும்மா இருடி, கல்யாணப் பொண்ணு."

நதீர் அறை வாசலில் நின்று பார்த்தான். வஸீலாவின் புருவம் இரண்டும் மேலே ஏறியிருந்தன. சின்ன வயதிலிருந்து அவளுக்கு எப்போதும் கொஞ்சம் ஆச்சரியப்பட்ட முகம் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அது முகம் இல்லை, இழுப்பு என்று அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

"யம்மா, விடு."

"என்ன?"

"நாடாவை விடு யம்மா. டாக்டர் சொன்னாங்க. நான் பாதிதான் சொன்னேன். இரும்பு, கவலை எல்லாம் ஓரமா. காரணம் இதுதான். இந்த இழுப்புதான். கர்தூன்."

யூனிஸ் துண்டோடு அப்படியே குந்தியிருந்தான்.

"யாரு கட்டினது?" என்றாள் ஸுலீகா மெதுவாக.

நதீர் தண்ணீர்க் கிண்ணத்தை அவள் காலடியிலிருந்து நகர்த்தி வைத்தான்.

"யாரு கட்டினதுன்னு கேக்கறேன். நாத்தனா கண்ணா கட்டுச்சு? நான்தானே கட்டினேன்?"

"யம்மா, உனக்குத் தெரியாதில்ல..." என்று வஸீலா திரும்பினாள்.

"திரும்பாத." ஸுலீகா நாடாவை அவிழ்த்தாள். அவசரமே இல்லாமல், சுற்றுச் சுற்றாக. பிறகு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். ரவையைக் கொட்டிப் பிசையும் சத்தம் கேட்டது. ரொட்டிக்கு அவ்வளவு பிசையத் தேவையில்லை. வஸீலா அண்ணன் தோளில் ஒன்று போட்டாள். "காலையிலயே சொல்லியிருக்கலாமில்ல? கோழை!" "நீயா சொல்லிப் பாத்திருக்கணும்," என்றான் நதீர். "எனக்குத் துருக்கி தெரிஞ்சா நான் ஏன் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்?"

பிசையும் சத்தம் நின்றது. ஸுலீகா அறை வாசலில் வந்து நின்றாள். கையெல்லாம் மாவு. தலையில் துணி இல்லை. யூனிஸ் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரும் அதுவரை பார்க்காத தலை அது. வீட்டுக்குள்ளும் நெற்றியை மூடிக் கட்டுகிற துணியைத்தான் பார்த்திருக்கிறார்கள். இரண்டு காதோரப் பொட்டிலும், நெற்றியின் ஓரமெங்கும், உள்ளங்கை அகலத்துக்கு மொழுமொழுவென்று வெறும் தோல். அதற்குப் பின்னால் நல்ல அடர்த்தியான முடி, நரையும் கறுப்புமாக.

"எனக்கும் அஞ்சு வயசுல நாடா கட்ட ஆரம்பிச்சாங்க," என்றாள் ஸுலீகா. "முப்பது வயசுல இப்பிடி ஆயிருச்சு. பிள்ளை பெத்தா போகும்னாங்க. சரின்னு இருந்துட்டேன். அது இதாலன்னு ஒருத்தியும் சொல்லல. தெரிஞ்சிருந்தா உன் தலையில நாடாவை வெச்சிருப்பேனா?"

வஸீலாவுக்கு வேறொன்று பிடிபட்டுவிட்டது. "இரு. அதனாலதானா? பொம்பளைங்க மட்டும் இருக்கற மண்டபத்துல எல்லாரும் முக்காட்டை எறிஞ்சுட்டு ஆடுவாங்க, நீ மட்டும் சமையல்கட்டுல நிப்பியே! காத்துப் பட்டா தலை இடிக்கும், சைனஸுன்னு!"

"சைனஸும் இருக்கு."

"பொய்! பெரிய மாமி மக கல்யாணத்துல, ஸாஹ்ரா கல்யாணத்துல, ஒண்ணுலயும் நீ ஆடி நான் பாத்ததில்ல!"

"நான் நல்லா ஆடுவேன்டி," என்றாள் ஸுலீகா. அப்போதுதான் அவளுக்குக் கண் நிறைந்தது. "உங்க அத்தைகளைக் கேளு. என் கல்யாணத்துக்கு முன்னால மீலாவுல என்னை மாதிரி ஆட ஆளில்ல."

*

அடுத்த முறை மூன்று பேருமாகப் போனபோது நதீர் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தான். வஸீலாவின் ரத்தத்தில் தைராய்டு சரி. இரும்பு மட்டும் பாதாளத்தில். சாப்பாட்டோடு காபி குடித்தால் இரும்பு உடம்பில் ஒட்டாது, ரெண்டு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கணும் என்றாள் டாக்டர். ஸுலீகா மகனைச் சந்தேகமாகப் பார்த்தாள். "இதையும் நான்தான் பண்ணேனா? நிஜமாவா சொல்றாங்க, நீயா சேர்த்துக்கறியா?"

தலையில் தடவ ஒரு திரவம். முதல் சில வாரம் இன்னும் கொட்டும், பயந்து நிறுத்தாதே. ஆறு மாசம் பொறு. "கல்யாணத்துக்கப்புறம் குழந்தைன்னு யோசிச்சா முன்னாடியே என்கிட்ட கேட்டுட்டு இதை நிறுத்தணும்." இதைச் சொல்லும்போது நதீரின் காது இரண்டும் மிளகாய் அரைப்பாகிவிட்டன. "சத்தமாச் சொல்லுண்ணே, காதுல விழல," என்றாள் வஸீலா வேண்டுமென்றே.

டாக்டர் லென்ஸை மறுபடி அவள் பொட்டில் வைத்தாள். ஓர் இடத்தில் நிறுத்தினாள். "அம்மாவை இங்க வரச் சொல்லு."

திரையில் வெளிறிய தோலில், ஒவ்வொரு குழியிலும், கண்ணுக்குத் தெரியாத பூனைமுடி ஒன்று எட்டிப் பார்த்தது. ஒன்றில்லை, பத்தில்லை. திரை நிறைய.

ஸுலீகா திரைக்குப் போய் மூக்கை ஒட்டினாள். "வஸீலா! வந்து பாருடி! கோதுமை மொளச்சு ரெண்டாம் நாள் வயல் இப்பிடித்தான் இருக்கும்! நெருக்கமா! எல்லாம் உசுரோட இருக்கு!" சந்தோஷம் தாங்காமல் நதீரை இழுத்து, டாக்டரை இழுத்து, வாசலில் எட்டிப் பார்த்த நர்ஸையும் இழுத்துக் கட்டிக்கொண்டாள். "இதோ இருக்கு ஒண்ணு, இங்க ஒண்ணு, ஓரத்துல கூட இருக்கு!" வஸீலா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வெட்கத்தையெல்லாம் விட்டுக் குலவை ஒன்று போட்டாள் ஸுலீகா. வராந்தாவில் வரிசையில் உட்கார்ந்திருந்த பதினோரு மொட்டைகளும் திரும்பிப் பார்த்தன.

அந்த வேகத்தில்தான் வஸீலா சொன்னாள்: "டாக்டர், எங்கம்மா தலையையும் பாருங்க."

"எனக்கெதுக்கு? எந்திரி, போலாம்."

"யம்மா, உக்காரு."

லென்ஸ் வைத்தபோது திரையில் ஒன்றுமே முளைக்கவில்லை. குழிகூட இல்லை. டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நேராக ஸுலீகாவைப் பார்த்தே பேசினாள், நதீர் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தான்.

"உங்களுக்கு மருந்து தடவி வராதும்மா. இழுத்து இழுத்து வேர் தழும்பாயிருச்சு. உங்க வயசுல இதே இடத்துல வர்ற வேற ஒரு நோயும் இருக்கு; அது இல்லைன்னு தெரிஞ்சுக்கத் துளி தோல் எடுத்து அனுப்பறேன், ஒரு வாரம் ஆகும். இழுப்புதான்னு வந்துட்டா, பின்னால முடி நல்லா இருக்கு. இந்த ஆஸ்பத்திரியில நடவு செய்ய இதைவிடப் பொருத்தமான தலை இந்த மாசம் நான் பாக்கல."

நதீர் கடைசி வாக்கியத்தைச் சொல்லி முடிக்குமுன் வஸீலா கத்தினாள்: "அந்த இடம்! அண்ணே, உன் இடம் இன்னும் காலியா இருக்குல்ல!"

"பைத்தியமாடி உனக்கு?" ஸுலீகா தலைத்துணியை வாரிக் கட்டிக்கொண்டாள். "அம்பத்தி நாலு வயசுல, புருஷன் போயி ஆறு வருஷம் ஆச்சு, யாருக்குக் காட்ட? ஊரு என்ன சொல்லும்? பொண்ணுக்கு வைத்தியம்னு போயிட்டு அம்மாக்காரி முடி வெச்சுட்டு வந்தாளாம்!"

நோய் என்ற பயத்தில் துளித் தோலை மட்டும் எடுக்க விட்டாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் இதே பேச்சுதான். பருப்பு சூப்பு கிண்டும்போதும், சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போதும், கடலோரத்தில் எள்ளு ரொட்டி வாங்கிப் பாதியைக் கடற்பறவைக்குப் போடும்போதும் வஸீலா விடவில்லை. "பின்னால ஒரு பட்டைதான் வழிப்பாங்க, மேல முடி மூடிக்கும்." ஸுலீகா பேச்சை மாற்றுவாள். "கத்தரிக்கா என்ன இவ்வளவு சின்னதா இருக்கு?" யூனிஸ் தன் பங்குக்கு, "மூணாம் நாள் நான்தான் கழுவுவேன் சாச்சி. ராணி மாதிரி கழுவறேன்," என்றான். "ஆம்பிளை கையில நான் தலையைக் குடுப்பேனா?" "அப்ப என்கூட வேலை பாக்கற எலிஃபுக்குச் சொல்றேன். அவ என்னைவிட நல்லாக் கழுவுவா, ஆனா வாய் ஓயாது." "எனக்குப் புரியாத பாஷைதானே? பேசட்டும்," என்றாள் ஸுலீகா. அதற்கப்புறம்தான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது.

ஏழாம் நாள் முடிவு வந்தது. வேறு நோய் எதுவும் இல்லை. நதீர் படியிறங்கும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வந்தான். ஸுலீகா அடுப்படியில் இருந்தாள். கேட்டுக்கொண்டாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கல்யாணத்துக்குள்ள வளந்துருமா?"

"நட்டது முதல்ல ஒரு தரம் உதிரும் யம்மா, மூணாவது நாலாவது மாசம் திரும்பக் கெளம்பும். ஆகஸ்ட் கடைசில ஒரு விரக்கடையாவது இருக்கும். முழுசா வர ஒரு வருஷம்."

"ஒரு விரக்கடை." ஸுலீகா விரலை மடக்கி அளந்து பார்த்தாள். "தலையில துணியில்லாம நிக்க அது போதும். ஆனா ஒண்ணு. மூட்டைப் பொய் சொல்லிட்டு ஊருக்குப் போக மாட்டேன். நடறதுன்னா நாப்பத்தொரு பேருக்கும் நீயே சொல்லணும், எதனாலன்னும் சேத்து. அப்பத்தான் அவளுங்க பொண்ணுங்க தலையிலேர்ந்து நாடாவை எடுப்பாளுங்க."

*

நடவு நாளன்று ஐந்து மணி நேரம் ஆயிற்று. பின்மண்டையில் மரப்பு ஊசி போடும்போது மட்டும் ஸுலீகா நதீரின் கையைப் பிடித்தாள். பிறகு முழுக்க அவள் ராஜ்ஜியம். ஒவ்வொரு முடியாகப் பெயர்த்து, எண்ணி, குளிர்ந்த தட்டில் வரிசையாக வைத்தார்கள். "கறுப்பை முன்னால நடச் சொல்லு, நரையைப் பின்னால," என்றாள் குப்புறப் படுத்தபடி. பக்கவாட்டில் நடத் தொடங்கியபோது, "சாய்வா நடறாங்களா? நேரா நட்டா முள்ளம்பன்னி மாதிரி நிக்கும், சொல்லு," என்றாள். நட்டுக்கொண்டிருந்த பெண் நதீரிடம், "உங்கம்மா எந்த ஆஸ்பத்திரியில வேலை பாத்தாங்க?" என்று கேட்டாள். மத்தியானம் எழுப்பி உட்கார வைத்துப் பருப்பு சூப்பு கொடுத்தபோது உப்புப் பத்தவில்லை என்றாள்.

முடிந்ததும் வஸீலா கண்ணாடியைக் கொண்டுவந்தாள். ஸுலீகா பார்த்தாள். இரண்டு பொட்டிலும் நெற்றியோரமெங்கும் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியிலும் மணலத்தனை ஒரு முடி. புள்ளிகளெல்லாம் சேர்ந்து, முப்பது வயதில் அவள் தொலைத்த முடிக்கோட்டை அப்படியே வரைந்திருந்தன.

"இது என் நெத்தி," என்றாள். "இதைத்தான் நான் தேடிட்டிருந்தேன்." அப்புறம், "டேய், தெருவுல பாத்தோமே அந்த ஆம்பிளைங்க, அவனுங்களை ஒண்ணும் சொல்லியிருக்கக் கூடாது," என்றாள்.

ஐந்தாம் நாள் இரண்டு பேரையும் விமானம் ஏற்றிவிட்டு, நதீர் ஏர்போர்ட் வாசலிலேயே நின்று குழுவுக்குப் பேசத் தொடங்கினான். காற்றில் தலைமுடி பறந்தது. அவன் கவலைப்படாதீங்க என்று சொல்லவில்லை.

"எல்லாருக்கும் ஸலாம். நதீர் பேசறேன். யம்மாவும் வஸீலாவும் இப்பத்தான் ஏறினாங்க, ஏழு மணிக்கு அங்க எறங்குவாங்க. வஸீலாவுக்கு நடவு இல்ல, மருந்துதான். வேர் எல்லாம் உசுரோட இருக்கு, நான் என் கண்ணால பாத்தேன். நட்டது யம்மாவுக்கு. ஆமா, யம்மாவுக்குத்தான், தப்பா டைப் ஆகல. முடி போனதுக்குக் காரணம் கர்தூன். யார் வீட்டுல எந்தப் பொண்ணு தலையில நாடா இருந்தாலும் இன்னிக்கே அவுத்துருங்க. பொண்ணு தலை வலிக்குதுன்னு சொன்னா, சும்மா இருன்னு சொல்லாதீங்க. ஆகஸ்ட்ல யம்மா ஆடப் போறாங்க, எடம் விட்டு வையுங்க. இப்ப ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், இதை யார் படிச்சாலும் பக்கத்துல இருக்கறவங்களுக்கும் சொல்லுங்க: ஏர்போர்ட்டுல முப்பது பேர் வரிசையா நிப்பீங்கன்னு எனக்குத் தெரியும், பாசத்துல ஒவ்வொருத்தரும் அவங்க தலையில முத்தம் வைப்பீங்கன்னும் தெரியும். வேர் இன்னும் பிடிக்கல. இன்னும் ஒரு பத்து நாளைக்கு யம்மாவுக்குக் கையில முத்தம் குடுங்க. தலையைத் தொடாதீங்க."